மேசையின் எல்லாப் பக்கமும் ஒரே சங்கம்

விஷயம் சின்னதுதான். டர்பன் நகரின் தென்மேற்கே, சாட்ஸ்வர்த்தில் ஒரு தொடக்கப் பள்ளி. கணக்கு, அறிவியல் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் ஓய்வு பெற்றார். அந்த ஒரு பணியிடத்தை நிரப்ப ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. லஞ்சம் கைமாறவில்லை, யாரும் யாரையும் அடிக்கவில்லை, செய்தித்தாளில் ஒரு வரி வரவில்லை. இருந்தும் தென்னாப்பிரிக்கப் பள்ளிகளில் ஆசிரியர் சங்கங்களுக்கு உள்ள பிடியைப் புரிந்துகொள்ள, பெரிய ஊழல் செய்திகளைவிட இந்த ஒரு பணியிடத்தின் கதை எனக்கு அதிகம் உதவியது. அதனால்தான் முழுவதையும் எழுதுகிறேன். பள்ளியின் பெயரையும் சம்பந்தப்பட்ட சங்கத்தின் பெயரையும் சொல்லப்போவதில்லை. நாடு முழுக்கத் தெரிந்த செய்திகள் வரும் இடத்தில் மட்டும் பெயர்கள் வரும்.

நான் கணக்குத் தணிக்கை வேலைக்காகத் திருச்சியிலிருந்து வந்து டர்பனில் குடியேறியவன். பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் 2018 தேர்தலில் நிர்வாகக் குழுவுக்கு வந்தேன். கணக்குத் தெரிந்தவன் என்று பொருளாளர் வேலையைத் தலையில் கட்டிவிட்டார்கள்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இந்த நிர்வாகக் குழுவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் ஊர்ப் பெற்றோர் ஆசிரியர் கழகம் மாதிரி சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க நன்கொடை வசூலிக்கிற அமைப்பு அல்ல இது. 1996-ஆம் ஆண்டுப் பள்ளிகள் சட்டம் இதற்கு நிஜமான அதிகாரம் கொடுத்திருக்கிறது. குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை. கட்டணம் எவ்வளவு, அந்தப் பணத்தில் கூடுதல் ஆசிரியர் யாரை வைப்பது என்பதெல்லாம் குழுவின் கையில். அரசுச் சம்பளத்தில் வரும் பணியிடங்களுக்கும் குழுதான் நேர்காணல் நடத்தி, பெயர்களை வரிசைப்படுத்திப் பரிந்துரைக்க வேண்டும். நியமன ஆணையில் கையெழுத்து போடுவது மட்டும் மாகாணக் கல்வித் துறைத் தலைவர். ஆசிரியர் தேர்வு வாரியம், பணிமூப்புப் பட்டியல், கலந்தாய்வு என்று பழகிய நமக்கு இது விசித்திரமாகத் தோன்றும். ஒரு பாடப்பிரிவுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் அறையில் ஒரு பேருந்து ஓட்டுநரும், ஒரு தையற்காரம்மாவும், நானும் உட்கார்ந்திருப்போம்.

அதே அறையில் இன்னும் சிலர் இருப்பார்கள். அரசும் ஆசிரியர் சங்கங்களும் பேரம் பேசும் கல்வித் தொழிலுறவுக் குழுவில் இடம்பெற்ற ஒவ்வொரு சங்கத்தின் சார்பிலும் ஒரு பார்வையாளர் வரலாம். அவருக்கு ஓட்டு இல்லை, மதிப்பெண் போடும் உரிமை இல்லை. நடைமுறை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பது மட்டும்தான் வேலை. காகிதத்தில் இது நல்ல ஏற்பாடு. தலைமையாசிரியர் தன் மச்சானைக் கொண்டுவந்து உட்கார வைக்காமல் தடுக்க ஒரு கண் வேண்டும்தானே?

நடந்தது

பணியிடம் மாகாணத்தின் சுற்றறிக்கையில் அறிவிக்கப்பட்டது. விண்ணப்பங்கள் வந்தன. நேர்காணல் குழுவில் நான் இல்லை. அவர்கள் பரிந்துரைப்பதை உறுதிசெய்யும் முழுக் குழுவில் இருந்தேன். காகிதங்கள் அத்தனையும் என் கண்முன்னால்தான் போயின. இறுதிப் பட்டியலுக்கு ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அதில் ஒருவர் எங்கள் பள்ளியிலேயே நெடுநாள் கணக்கு நடத்திவந்த ஆசிரியை. ஆறாம் வகுப்பில் பின்னம் புரியாத பிள்ளைகளை மதியம் உட்கார வைத்து, ரொட்டியை நாலாக வெட்டிக் காட்டியே பாடம் நடத்துவார். முந்தைய தலைவர் உடம்பு சரியில்லாமல் இருந்த நாட்களில் அந்த வேலையையும் சம்பளமில்லாமல் இவரே பார்த்தார்.

ஐந்து பெயரும் வெளியே தெரிந்த பிறகுதான் ஒரு சங்கத்திடமிருந்து ஆட்சேபணை வந்தது. அவர்களுடைய பார்வையாளருக்கு அனுப்பிய அழைப்புக் கடிதத்தில் நாள் கணக்கில் ஒன்று குறைகிறதாம். நடுவில் செப்டம்பர் 24, மரபு தினம், பொது விடுமுறை. அதைக் கழித்தால் விதி கேட்கும் வேலை நாட்களில் ஒன்று இல்லை. பார்வையாளர் அந்தக் கூட்டத்துக்கு வந்திருந்தார், வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டிருந்தார், எங்கள் தேநீரையும் குடித்திருந்தார். அப்போது நாள் கணக்கைப் பற்றிப் பேச்சே இல்லை. பட்டியலில் அவர்கள் எதிர்பார்த்த ஒருவரின் பெயர் இல்லை என்று தெரிந்ததும்தான் நாட்காட்டி ஞாபகம் வந்தது.

முறையீடு மாவட்ட அலுவலகத்துக்குப் போனது. அதை விசாரித்த அதிகாரி அதே சங்கத்தின் கிளைச் செயலாளராகப் பல ஆண்டு இருந்தவர். இன்னும் உறுப்பினர். அதை யாரும் மறைக்கவில்லை, மறைக்க வேண்டிய விஷயமாகவும் யாரும் நினைக்கவில்லை. எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்குங்கள் என்று உத்தரவு வந்தது.

இரண்டாம் சுற்றுக்கு முன் நேர்காணல் குழுவிலிருந்து ஒரு பெற்றோர் வேலைப் பளு என்று விலகினார். இன்னொருவர் விலகவில்லை. அவர் தன் பேரனுக்குச் சட்டப்படி காப்பாளராக இருந்ததால் குழுவில் இருந்த ஓர் அக்கா. பங்குனி உத்திரத்தன்று கோயில் அன்னதான வரிசையில் என் பின்னால் நின்றுகொண்டு, பாதி ஆங்கிலமும் பாதி தமிழுமாகச் சொன்னார்:

“ரெண்டு பேர் வீட்டுக்கு வந்தாங்க தம்பி. மிரட்டல் எல்லாம் இல்ல. டீ குடிச்சாங்க. பேரனுக்கு ஹை ஸ்கூல்ல இடம் கிடைக்கணும்ல, நாங்க பாத்துக்குறோம் ஆன்ட்டின்னு சொன்னாங்க. அப்புறம் அந்தப் பையன் நல்ல பையன், அவனையும் கொஞ்சம் பாத்துக்குங்கன்னாங்க.”

“நீங்க என்ன சொன்னீங்க அக்கா?”

“நான் என்ன சொல்றது? இன்னொரு டீ போட்டுக் குடுத்தேன்.”

இரண்டாம் சுற்றின் மதிப்பெண் தாள்கள் என்னிடம் வந்தபோது தணிக்கைக்காரன் புத்தியில் ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தேன். சங்கம் எதிர்பார்த்த, வெளியிலிருந்து வந்த அந்த விண்ணப்பதாரர் ஐந்தாம் கேள்விக்கு ‘அதை அப்புறம் சொல்கிறேன்’ என்று தள்ளிவைத்துவிட்டுத் திரும்பி வரவே இல்லை என்று செயலர் எழுதிய குறிப்பில் தெளிவாக இருக்கிறது. இரண்டு தாள்களில் ஐந்தாம் கட்டத்திலும் முழு மதிப்பெண். ஒரு தாளில் முதலில் பென்சிலில் வேறு எண் எழுதி, அழித்து, மேலே பேனாவில் எழுதியிருந்தது. அழித்த தடம் விளக்கு வெளிச்சத்தில் நன்றாகவே தெரிந்தது.

முழுக் குழுவில் இதைச் சொன்னேன். ‘மதிப்பெண் போடுவது அவரவர் மனசாட்சி’ என்று பதில் வந்தது. ஒரு ஓட்டு வித்தியாசத்தில் பட்டியல் உறுதியானது: அவர் முதல், எங்கள் ஆசிரியை இரண்டாவது. சட்டப்படி துறைத் தலைவர் பட்டியலில் உள்ள யாரை வேண்டுமானாலும் நியமிக்கலாம். முதல் பெயருக்கே ஆணை வந்தது.

இந்தக் கதையில் என்னை மிகவும் உறுத்துவது இனிமேல்தான் வருகிறது. எங்கள் ஆசிரியையும் அதே சங்கத்தின் உறுப்பினர். மாதாமாதம் அவர் சம்பளத்திலும் சந்தா பிடிக்கிறார்கள். பதவி உயர்வில் நியாயமற்ற நடத்தை என்று தொழிலுறவுச் சட்டப்படி முறையிட அவருக்கு 90 நாள் அவகாசம் உண்டு. சங்க அலுவலகத்துக்குப் போய், எனக்காகப் பேச ஒருவரை அனுப்புங்கள் என்று கேட்டார். ஒரு உறுப்பினருக்கு எதிராக இன்னொரு உறுப்பினரை ஆதரிக்க முடியாது, அது சங்கத்தின் கொள்கை என்று அனுப்பிவிட்டார்கள். கேட்க நியாயமாக இருக்கிறது அல்லவா? ஆனால் முதல் சுற்றைக் கலைத்தபோது அவர்கள் செய்தது என்ன? ஒரு உறுப்பினருக்காக இன்னொரு உறுப்பினரின் வாய்ப்பைக் கலைத்ததுதானே?

சமரசப் பேச்சு ஒன்று நடந்தது, ஒன்றும் ஆகவில்லை. வழக்கறிஞர் வைத்து நடுவர் விசாரணைக்குப் போக அவரிடம் காசும் இல்லை, தெம்பும் இல்லை. கொஞ்ச நாளில் அபுதாபியில் வேலை கிடைத்துப் போய்விட்டார். தென்னாப்பிரிக்க ஆசிரியர்கள் வளைகுடாவுக்குப் போவது இப்போது சர்வசாதாரணம்.

வந்தவரைப் பற்றியும் நியாயமாகச் சொல்ல வேண்டும். மோசமான மனிதர் இல்லை. பிள்ளைகளிடம் கைநீட்ட மாட்டார், குரல் உயர்த்த மாட்டார், விளையாட்டு விழாவை ஜோராக நடத்துவார். கணக்குப் பாடத்தில்தான் ஆர்வம் குறைவு. பிரிவுத் தலைவர் என்றால் மற்ற ஆசிரியர்களின் வகுப்பில் உட்கார்ந்து பார்த்து, நோட்டுகளை வாங்கித் திருத்தத்தைச் சரிபார்த்து, தடுமாறுகிறவருக்குக் கைகொடுக்க வேண்டும். சங்க வேலை அழைக்கும் நாட்களில் அது நடக்காது. சங்க வேலை அடிக்கடி அழைக்கும்.

இது எங்கள் பள்ளிக்கு மட்டும் நேர்ந்ததா?

2014-இல் ‘சிட்டி பிரஸ்’ வார இதழ் தலைமையாசிரியர், துணைத் தலைமையாசிரியர் பதவிகள் 30,000 ராண்டுக்கும் (தென்னாப்பிரிக்க நாணயம்) மேல் விலைபோவதாக வெளியிட்டது. குற்றச்சாட்டு நாட்டின் மிகப் பெரிய ஆசிரியர் சங்கமான சாட்டுவைச் சேர்ந்தவர்கள்மீது. 1990 அக்டோபரில் தொடங்கிய சங்கம் அது. உறுப்பினர்கள் இரண்டரை லட்சத்துக்கும் மேல். நாட்டில் உள்ள அரசுப் பள்ளி ஆசிரியர்கள் சுமார் நாலு லட்சம் என்றால் பலத்தை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். ஆளும் கூட்டணிக்குத் தலைமை தாங்கும் ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸ் கட்சியின் கூட்டாளியான கோசாட்டு தொழிற்சங்கக் கூட்டமைப்பில் அது ஒரு முக்கியத் தூண்.

அன்றைய அடிப்படைக் கல்வி அமைச்சர் ஆஞ்சி மொட்செக்கா, பேராசிரியர் ஜான் வோல்மிங்க் தலைமையில் ஒரு விசாரணைக் குழு அமைத்தார். 81 வழக்குகளை எடுத்துப் பார்த்த அந்தக் குழுவின் இறுதி அறிக்கை 2016 மே மாதம் வெளிவந்தது. பணத்துக்குப் பதவி என்ற தலைப்பைத்தான் எல்லாப் பத்திரிகையும் பிடித்துக்கொண்டன. அறிக்கையைப் படித்தால் பணம் அதில் பாதிகூட இல்லை. ஒன்பது மாகாணங்களில் ஆறில் கல்வித் துறை நடைமுறையில் சாட்டுவின் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்பதுதான் அதன் பெரிய கண்டுபிடிப்பு. எங்கள் குவாசூலு-நட்டாலும் அந்த ஆறில் ஒன்று. அதிகாரம் எங்கே பலவீனமாகவும் மந்தமாகவும் இருக்கிறதோ அந்த இடைவெளியில் சங்கம் புகுந்து, கொள்கையையும் நியமனத்தையும் தானே முடிவுசெய்கிறது என்று குழு சொன்னது. கோளாறு எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். சங்கம் கதவை உடைத்து உள்ளே வரவில்லை, வீட்டுக்காரர் கதவைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்கினார்.

சங்கம் என்ற அமைப்பே பதவி விற்றது என்பதற்கு அறிக்கையில் ஆதாரமில்லை, தனிமனிதர் தவறை எங்கள் தலையில் கட்டாதீர்கள் என்று சாட்டு பதில் சொன்னது. அது ஓரளவு சரியான வாதமும்கூட. ஆனால் எங்கள் பள்ளியில் நடந்ததைப் பார்த்தவனுக்கு அந்த வாதம் போதாது. எங்கள் வழக்கில் ஒரு ராண்டுகூடக் கைமாறவில்லை. போலீஸ் வந்தாலும் பிடிக்க ஒன்றுமில்லை. விண்ணப்பதாரர் ஒரு சங்கம், பார்வையாளர் அதே சங்கம், முறையீட்டை விசாரித்தவர் அதே சங்கம், எதிர்த்து நின்ற ஆசிரியையும் அதே சங்கம். இப்படி ஓர் அறையில் பணம் எதற்கு?

அறிக்கை வேறொன்றையும் சொன்னது, அதைத்தான் எல்லோரும் மறந்துவிட்டார்கள். அலுவலகத்தில் இருக்கும் கல்வி அதிகாரிகளும் பள்ளியில் இருக்கும் ஆசிரியர்களும் ஒரே சங்கத்தில் இருக்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. அதிகாரிகளுக்குச் சங்கம் வேண்டுமென்றால் தனிச் சங்கம் இருக்கட்டும். கூடவே, பிரிவுத் தலைவர் முதல் தலைமையாசிரியர் வரையிலான பதவிகளில் நிர்வாகக் குழுவின் பரிந்துரை அதிகாரத்தை எடுத்துவிடலாம் என்றும் சொன்னது. முதலாவது சரியான மருந்து, இரண்டாவது தப்பான மருந்து என்பது என் கருத்து. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

சங்கம் இல்லாத காலம்

சங்கங்களைத் திட்டும்போது நம்மவர்கள் வசதியாக மறந்துவிடுவது ஒன்று உண்டு. இங்குள்ள தமிழர்கள் படித்ததே ஆசிரியர் அமைப்புகளின் தயவில்தான். 1860-இல் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பலில் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளி கட்டிக் கொடுக்க அரசு ஓடிவரவில்லை. ஊர் பணம் திரட்டினால் அரசு அதற்கு ஈடாகக் கொஞ்சம் போடும் என்ற ஏற்பாட்டில், கோயிலும் சபையும் சேர்ந்து கட்டியவைதான் பழைய இந்தியப் பள்ளிகளில் பெரும்பாலானவை. நட்டால் இந்திய ஆசிரியர் சங்கம் 1925-இல் தொடங்கியது. நம் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியின் பெயரில் டர்பனில் சாஸ்திரி கல்லூரி 1929-இல் வந்தது. அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகளுக்கு இடம் போதாமல் ஒரே கட்டடத்தில் காலையில் ஒரு பள்ளி, மதியம் ஒரு பள்ளி என்று நடந்தது. அந்தக் காலத்தில் வெள்ளைக்கார ஆசிரியருக்கு ஒரு சம்பளம், இந்தியருக்கு அதைவிடக் குறைவு, கறுப்பருக்கு அதைவிடக் குறைவு. பெண்ணென்றால் இன்னும் குறைவு. இதெல்லாம் தானாக மாறவில்லை.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். எல்லோருக்கும் அவர் சார்தான், எனக்கும். இந்தப் பிரச்சினையை அவரிடம் கொண்டுபோனபோது அவர் உடனே எனக்கு ஆமாம் போடவில்லை.

“உங்களுக்குப் பள்ளி இன்ஸ்பெக்டர் காலம் தெரியாது” என்றார். “காலையில் கார் சத்தம் கேட்டாலே கை நடுங்கும். ஜன்னல் திரை சரியில்லை என்று எழுதிவிட்டுப் போவான். அப்புறம் எண்பதுகளில் நாடாளுமன்றத்தில் இந்தியர்களுக்கென்று தனிச் சபை வந்தது. பதவி உயர்வு வேண்டுமா, அரசியல்வாதி வீட்டு வாசலில் நில். தீபாவளிக்குப் பலகாரத் தட்டு கொண்டுபோ. அதை உடைக்கத்தான் நாங்கள் சங்கத்துக்குப் போனோம்.”

“இப்போது தட்டு சங்க அலுவலகத்துக்குப் போகிறதே சார்?”

அவர் சிரித்தார். “அதைத்தான் நானும் கேட்கிறேன். ஆனால் சங்கம் வேண்டாமென்று மட்டும் சொல்லாதீர்கள்.”

இந்தப் பின்னணி தெரியாமல் இன்றைய சங்கங்களின் பிடிவாதம் புரியாது. ஆய்வாளர் என்றால் அவர்களுக்கு இன்னும் பழைய போலீஸ் ஞாபகம்தான் வருகிறது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பல பள்ளிகளில் ஆய்வாளர்களை உள்ளேயே விடவில்லை. அதற்குப் பதிலாக 2003-இல் ஒப்பந்தமாகி, பின்னர் வேறு முறைக்கு இடம்விட்ட தர மேலாண்மை முறையில், ஆசிரியர் முதலில் தனக்குத் தானே மதிப்பெண் போட்டுக்கொள்வார், பின்பு மேலாளரும் அந்த ஆசிரியரே தேர்ந்தெடுத்த சக ஆசிரியரும் போடுவார்கள். இந்த ஏற்பாட்டில் யாருக்குக் குறைந்த மதிப்பெண் விழும்? நாளை நீ எனக்குப் போடப்போகிறாய், இன்று நான் உனக்குப் போடுகிறேன். தலைமையாசிரியர்களோடு செயல்திறன் ஒப்பந்தம் போட வேண்டும் என்று அரசு பேச்செடுத்தபோதெல்லாம் சாட்டு எதிர்த்தது.

2011-இல் தொடங்கிய வருடாந்தரத் தேசியத் தேர்வின் கதையும் இதுதான். ஒன்றாம் வகுப்பு முதல் ஆறு வரையும் ஒன்பதிலும், எல்லாப் பிள்ளைகளும் மொழியிலும் கணக்கிலும் எழுத வேண்டும். 2015-இல் சங்கங்கள் மறுத்ததால் அது நின்றுபோனது. இங்கே சாட்டுவை மட்டும் குறைசொல்ல முடியாது, மற்றச் சங்கங்களும் சேர்ந்துதான் எதிர்த்தன. அவர்கள் சொன்ன காரணத்திலும் நியாயம் இருந்தது: வருஷா வருஷம் சோதித்துப் பார்க்கிறீர்கள், சோதனையில் தெரிந்த நோய்க்கு மருந்து தருவதில்லை. சரி. ஆனால் தெர்மாமீட்டரைப் பிடுங்கிப் போட்டுவிட்டதால் காய்ச்சல் குறையவில்லை. 2016 சர்வதேச வாசிப்பு ஆய்வில் நாலாம் வகுப்புப் பிள்ளைகளில் 78 சதவீதம் பேரால் படித்துப் பொருள் புரிந்துகொள்ள முடியவில்லை. 2021-இல் அது 81 சதவீதம் ஆனது. நடுவில் பெருந்தொற்று வந்தது, உண்மை. அதற்கு முன்பே நூற்றுக்கு 78 பேர் என்பது அதைவிடப் பெரிய உண்மை.

இந்த எண்ணுக்குச் சங்கம்தான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். வீட்டில் ஒரு புத்தகமும் இல்லாத பிள்ளைகள், ஒரு வகுப்பில் அறுபது பேர், தாய்மொழி ஒன்று பாடமொழி ஒன்று, பயிற்சியே சரியாகப் பெறாத ஆசிரியர்கள் என்று காரணம் நூறு இருக்கிறது. ஆனால் இவற்றைச் சரிசெய்ய வேண்டிய இடம் பள்ளியின் நடு அடுக்கு, அதாவது பிரிவுத் தலைவரும் தலைமையாசிரியரும். யார் நன்றாகப் பாடம் நடத்துகிறார் என்ற கேள்வியே இல்லாமல் அந்த அடுக்கை நிரப்பினால், மேலே இருந்து என்ன திட்டம் வந்தாலும் அங்கேயே நின்றுவிடும்.

வேலைநிறுத்தம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் ஜாக்டோ-ஜியோ போராட்டங்களைப் பார்த்தவர்களுக்கு இந்த விவாதம் பழகியதுதான். இங்கே 2007 ஜூனில் ஏறக்குறைய ஒரு மாதம், 2010-இல் ஆகஸ்ட் முதல் செப்டம்பர் வரை மூன்று வாரம் பள்ளிகள் முடங்கின. 2010-இல் உலகக் கோப்பைக் கால்பந்துக்காக ஏற்கெனவே ஐந்து வாரம் விடுமுறை விட்டிருந்தார்கள். வசதியான பகுதிப் பள்ளிகள் கட்டணப் பணத்தில் வைத்த ஆசிரியர்களைக் கொண்டு சமாளித்தன. டவுன்ஷிப் (நிறவெறிக் காலத்தில் கறுப்பர்களுக்கென்று ஒதுக்கிய குடியிருப்பு) பள்ளிகளில் பிள்ளைகள் வீட்டில் இருந்தார்கள். சம்பளத்துக்காக வேலையை நிறுத்துவது தொழிலாளியின் உரிமை, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதில்தான் மனசு கேட்கவில்லை.

இதில் தமிழுக்கும் ஒரு சின்னப் பங்கு இருக்கிறது. எண்பதுகளில் இந்தியப் பள்ளிகளில் தமிழ் ஒரு பாடமாக நடந்தது. 1994-க்குப் பின் ஆசிரியர் எண்ணிக்கையைப் பள்ளிகளுக்கிடையே சமமாக்க அரசும் சங்கங்களும் உடன்படிக்கை போட்டன. கறுப்பர் பள்ளிகளில் ஆசிரியரே இல்லாதபோது அது தேவையான காரியம்தான். ஆனால் கூடுதல் என்று கருதப்பட்டவர்களை இடம் மாற்றினார்கள், விருப்ப ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அனுபவசாலிகள் பலர் முதலில் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். கணக்குக்கே ஆள் இல்லாத பள்ளியில் தமிழுக்கு யார் பணியிடம் கேட்பார்கள்? 2014-இல் தமிழ் உட்பட ஐந்து இந்திய மொழிகளை மீண்டும் விருப்பப் பாடமாக அறிவித்தார்கள். எங்கள் பள்ளியில் தமிழ் நடத்துபவர் வாரத்தில் சில மணி நேரம் வருகிறார். கோயில் சபை பாதி, நிர்வாகக் குழு பாதி என்று அவருக்குப் படி கொடுக்கிறோம். சங்கங்களும் துறையும் பேரம் பேசும் எந்த மேசையிலும் அவருடைய பெயர் வராது.

மருந்து

சாட்ஸ்வர்த்தில் இதைப் பேசும்போது பெற்றோர் இரண்டு கட்சியாகப் பிரிவார்கள். சங்கத்தைப் பள்ளியை விட்டே விரட்ட வேண்டும் என்று ஒரு கட்சி. நிர்வாகக் குழுவை விலைக்கு வாங்கிவிடுகிறார்கள், அதனால் நியமனத்தைத் துறையிடமே விட்டுவிடலாம் என்று இன்னொரு கட்சி. வோல்மிங்க் குழுவே இரண்டாவது கட்சியின் பக்கம் சாய்ந்தது என்று சொன்னேன். 2017-இல் வந்த சட்டத் திருத்த வரைவும் பதவி உயர்வு இடங்களைக் குழுவிடமிருந்து எடுக்கப் பார்த்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அந்தப் பிரிவு கைவிடப்பட்டது. 2024 செப்டம்பரில் அதிபர் ராமபோசா கையெழுத்திட்ட சட்டத்தில் சேர்க்கையும் பாடமொழியும்தான் சண்டைக்குரியவையாக இருந்தன.

கைவிட்டது நல்லது. எங்கள் வழக்கில் பெற்றோர் பலவீனமாக இருந்தார்கள் என்பது உண்மை. பேரனுக்கு இடம் வேண்டிய ஒரு அக்காவை வளைப்பது எளிது. ஆனால் முதல் சுற்றில் தகுதியானவரைச் சரியாகப் பட்டியலில் வைத்ததும் அதே பெற்றோர்தான். அதைக் கலைத்தது மாவட்ட அலுவலகம். அந்த அலுவலகத்தின் கையிலேயே முழு அதிகாரத்தையும் கொடுத்தால் தேநீர் குடிக்க வீடு வீடாகப் போகும் சிரமமும் அவர்களுக்கு மிச்சம்.

உடைக்க வேண்டியது அதிகாரிக்கும் சங்கத்துக்கும் உள்ள முடிச்சு. அதற்கு உடனே வரும் ஆட்சேபணை அரசியல் சட்டம். 23-ஆவது பிரிவு எல்லாத் தொழிலாளருக்கும் சங்கம் சேரும் உரிமை தருகிறது. ரஸ்டன்பர்க் நகராட்சி வழக்கில் 1999-இல் தொழிலாளர் நீதிமன்றம், மூத்த நிர்வாகிகளும் சங்கப் பொறுப்பில் இருக்கலாம் என்றே தீர்ப்புச் சொன்னது. ஆனால் அதே தீர்ப்பு, நிர்வாகிக்கு முதலாளியிடம் உள்ள கடமை அதனால் குறைந்துவிடாது, வேலையை ஒழுங்காகச் செய்தே ஆக வேண்டும் என்றும் சொல்கிறது. இந்த இரண்டாம் பாதியை யாரும் எடுத்து வாசிப்பதில்லை. முறையீட்டில் ஒரு தரப்பாக நிற்கும் சங்கத்தின் உறுப்பினரே அந்த முறையீட்டை விசாரிப்பதை எந்தக் கடமையோடு பொருத்துவது? சங்கம் சேரும் உரிமையைத் தொடவே வேண்டாம். அந்தக் கோப்பை மட்டும் வேறு அதிகாரியிடம் கொடுங்கள் என்பதுதான் கேள்வி. கணக்குத் தணிக்கையில் இது முதல் நாள் பாடம். தம்பி கடைக் கணக்கை அண்ணன் தணிக்கை செய்ய மாட்டான்.

சட்டத்தில் ஏற்கெனவே ஓர் ஆயுதம் இருக்கிறது. 1998-ஆம் ஆண்டு ஆசிரியர் பணிச் சட்டத்தின்படி, பரிந்துரை தகாத செல்வாக்கினால் வந்தது என்று போதுமான ஆதாரம் இருந்தால் துறைத் தலைவர் அதை மறுக்கலாம். எங்கள் வழக்கில் பென்சில் தடமுள்ள தாளின் நகலோடு கடிதம் அனுப்பினோம். கடிதம் கிடைத்தது என்று ஒரு வரி வந்தது, பிறகு நியமன ஆணை வந்தது. அந்தக் கடிதத்தைப் படித்து முடிவெடுக்கும் இடத்தில் யார் இருந்தார், அவர் எந்தச் சங்கம் என்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்க உரிமையில்லை என்றே நினைத்திருந்தோம்.

இப்போது கேட்கிறோம். அடுத்து ஒரு துணைத் தலைமையாசிரியர் இடம் வந்தபோது, நேர்காணல் அறைக்குள் வரும் எல்லோரும், துறையின் பிரதிநிதி உட்பட, எந்தச் சங்கத்தில் உறுப்பினர், விண்ணப்பதாரர்களில் யாரோடு என்ன தொடர்பு என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று குழு தீர்மானம் போட்டது. மதிப்பெண் தாளில் பென்சில் கூடாது என்றும் சேர்த்துக்கொண்டோம். இப்படி ஒரு தாளைக் கேட்கச் சட்டம் எங்களைக் கட்டாயப்படுத்தவில்லை, தடுக்கவும் இல்லை. இரண்டு சங்கங்களின் பார்வையாளர்கள் முனகிக்கொண்டே எழுதிக் கொடுத்தார்கள். மூன்றாமவர் இது அவமானம் என்று சொல்லிவிட்டு எழுதாமல் உட்கார்ந்தார். துறையிலிருந்து வந்தவர் தொலைபேசியில் யாரையோ கேட்டுவிட்டு, கடைசியில் தன் சங்கத்தின் பெயரை எழுதினார். மூன்றாமவர் மறுத்ததை நடவடிக்கைக் குறிப்பில் ஒரு வரியாகப் பதிந்துகொண்டு நேர்காணலைத் தொடங்கினோம். அந்தப் பணியிடத்துக்கு முறையீடு எதுவும் வரவில்லை.